பேர் கொடுத்தவர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களில், ஒரு பிள்ளை அடி வாங்கிக்கொண்டு அழுதபடி வந்தால், வீட்டில் இன்னோர் அடி விழும். "வாங்கிட்டு வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல? போய்க் குடுத்துட்டு வா, அப்புறந்தான் சோறு." இதைச் சொன்னது அப்பாக்கள் மட்டுமல்ல. என் அம்மா சொல்லியிருக்கிறாள். பக்கத்துக் காம்பரா அக்கா சொல்லியிருக்கிறாள். நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, அட்டை கடித்த காலோடு வந்து, அடுப்பை ஊதிக்கொண்டே சொல்வார்கள். தோட்டத்து ஆம்பளைகளுக்கு ரத்தத்திலேயே முரட்டுத்தனம் என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ரத்தத்தில் ஒன்றும் இல்லை. நாங்கள்தான் சோற்றோடு பிசைந்து ஊட்டினோம்.

பொகவந்தலாவைக்கும் மேலே, பஸ் ஏறி வராத மலையில் இருந்தது எங்கள் தோட்டம். அதில் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவு. நடுவில் ஓர் ஆறும் பாலமும். ஒரே துரை, தேயிலை அரைக்கிற ஒரே ஸ்டோர், இந்தியாவில் ஒரே சீமையிலிருந்து கப்பலேறி வந்த பாட்டன்மார். ஆனாலும் ஒரு கணக்குக்காரனுக்கு இன்னொரு கணக்குக்காரன் பகையாளி. துரைக்கு அது வசதியாக இருந்தது. காலையில் பேர் எடுக்கிற பெரட்டில் ஆட்களை நிற்க வைத்து, நேற்று எந்தக் கணக்கு அதிகக் கொழுந்து கொடுத்தது என்று கணக்கப்பிள்ளையைச் சொல்லச் சொல்வார். தோற்ற கணக்கு ஆம்பளைகள் அன்று சாயங்காலம் யாரையாவது அடிப்பார்கள். பாலத்தில் எதிராளியை, இல்லாவிட்டால் வீட்டில் பொண்டாட்டியை.

போலீஸ் எங்கள் மலைக்கு வர வேண்டுமென்றால் துரை ஆள் அனுப்ப வேண்டும். இலங்கை சுதந்திரம் வாங்கிய கையோடு, நீங்கள் இந்த நாட்டுக்காரர்களே இல்லை என்று எங்களுக்குச் சொல்லிவிட்டார்கள், ஓட்டும் போயிற்று. எங்களுக்காக எந்தச் சட்டமும் அந்த மலை ஏறி வரப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் நியாயம் கேட்கிற வேலையை ஆம்பளைகள் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கையில் இருந்தது கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியின் கிளையை ஒரே வீச்சில் தறிக்கிற கத்தி அது.

நான் பிறந்தது கீழ்க்கணக்கில். வாழ்க்கைப்பட்டது மேல்கணக்கில். என் வீட்டுக்காரருக்குத் தாய் தகப்பன் இல்லை. நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பிழைக்க வந்தவர். சத்தமாகப் பேசத் தெரியாது. எனக்குக் காய்ச்சல் என்றால் பீலியில் போய்க் குடத்தில் தண்ணீர் பிடித்துத் தோளில் சுமந்து வருவார். அதைப் பார்த்து லயமே சிரிக்கும். "கீழ்க்கணக்கு மாப்பிள்ள, சீலையும் துவைச்சுக் குடுப்பியா?" என்று கேட்பார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவார். பாலத்துச் சண்டைக்கு அவரை யாரும் கூப்பிட்டதில்லை. கூட்டம் கூடினால் கடைசியில், வாசல் பக்கம் நிற்பார். அது அவரை எவ்வளவு தின்றது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. எனக்கு நல்ல புருஷன் கிடைத்தான் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து ஒரு மாரியம்மன் திருவிழா. மேல்கணக்கிலிருந்து கரகம் புறப்பட்டு, பாலம் வரைக்கும் வந்து திரும்ப வேண்டும், அதுதான் வழக்கம். அந்த வருஷம் மேல்கணக்கு ஆட்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கங்காணியின் மகன், "பாலத்தைத் தாண்டி அடிங்கடா தப்ப" என்றான். தப்பு மேளம் அடித்துக்கொண்டு வந்தவர்கள் தாண்டினார்கள். எதிர்ப்பக்கம் நின்றவர்களில் என் சின்னம்மாவின் இளைய மகனும் இருந்தான். எனக்குத் தம்பி முறை. நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். அவன் ஒரு தப்பைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தான். அவ்வளவுதான். ஒரு தப்பு, தோலும் சட்டமும். கங்காணி மகனின் கை மேலே போனதைப் பார்த்தேன். கத்தியைப் பார்க்கவில்லை. தம்பி கழுத்தைப் பிடித்துக்கொண்டு பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்ததைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் நின்றார். அவருடைய இடது கை என் கையில் இருந்தது. வலது கையில் அர்ச்சனைத் தட்டு. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் வந்தார். லயத்துக்கு வரவில்லை, பங்களாவுக்குப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்பது பங்களாவில் சமைக்கிறவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஒரு ஆளைக் கொடுத்துவிட்டால் போதும், வேலை கெடக் கூடாது என்றாராம் துரை. ஒரு ஆள். எந்த ஆள் என்று அவர் கேட்கவில்லை.

கோயில் முன்னால் மேல்கணக்கு ஆம்பளைகள் கூடினார்கள். பொம்பளைகள் போகக் கூடாது. நான் காம்பராவில் உட்கார்ந்து தம்பிக்காக அழுதுகொண்டிருந்தேன். வாய்விட்டு அழவும் முடியாது. நான் இருந்தது வெட்டியவர்கள் பக்கத்தில். மத்தியானம் என் வீட்டுக்காரர் வந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை.

"நான் போறேன் புள்ள" என்றார்.

"எங்க?"

"போலீசுக்கு. நாந்தான் வெட்டுனேன்னு பேரு குடுத்துட்டேன்."

எனக்குப் புரியவே இல்லை. "நீங்க என் பக்கத்துல நின்னீங்க. என்னங்க பேசுறீங்க?"

"கங்காணி ஐயா மகனுக்குக் கல்யாணம் பேசியிருக்காங்க. அவரு உள்ள போனா கணக்குக்கே தலைகுனிவு. கங்காணி ஐயா வக்கீல் வச்சுக் குடுக்குறாரு. கை தவறிப் பட்டிருச்சின்னு சொன்னா கொஞ்ச வருசந்தானாம்."

"செத்தது என் தம்பி! நான் வயித்துல புள்ளயோட இருக்கேன்."

அவர் என் தலையைத் தொட்டார். பிறகு, இன்றுவரைக்கும் எனக்கு ஆறாத அந்தப் பேச்சைச் சொன்னார். "இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் என்னைய நாற்காலியில உக்கார வச்சுப் பேசுனாங்க புள்ள. கங்காணி ஐயா எந்திரிச்சு நின்னு என் கையப் பிடிச்சாரு. நீதாண்டா ஆம்பளைன்னாரு."

ஒரு நாற்காலி. அதற்காகப் போனார். அவரை வருஷக்கணக்காக வாசலில் நிற்க வைத்து, சிரித்து, தலைகுனிய வைத்து, கடைசியில் ஒரு நாற்காலியைக் காட்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

நான் கங்காணி வீட்டுக்கு ஓடினேன். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "ஐயா, உங்க மகன் செஞ்சதுக்கு எங்க வீட்டுக்காரரு ஏன் போகணும்?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "உன் புருசன யாரும் அடிச்சு அனுப்பல. அவனா முன்னுக்கு வந்தான். போய் அவனுக்கு நல்லபடியா சமைச்சுப் போடு" என்றார். வாசலில் நின்ற அவருடைய மகன் என்னைப் பார்க்காமல் உள்ளே போனான்.

அடுத்ததாக ஆற்றைக் கடந்து சின்னம்மாவிடம் போனேன். பெற்றவள் பொய்யைச் சம்மதிக்க மாட்டாள் என்று நம்பினேன். அவள் கண் வீங்கி, தலைவிரிகோலமாகத் தரையில் கிடந்தாள். பக்கத்தில் அவளுடைய மூத்த மகன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"சின்னம்மா, யாரு வெட்டுனான்னு கோர்ட்டுல வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா எடுபடும்" என்றேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "யாரு வெட்டுனான்னு எனக்குத் தெரியுண்டி. கீழ்க்கணக்குல எல்லாருக்கும் தெரியும். ஆனா போலீசுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவன் உள்ள போயிருவான். எங்க கைக்கு எப்பிடிக் கெடப்பான்?" என்று கேட்டுவிட்டு மூத்தவனைப் பார்த்தாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

அன்று பாலத்தைத் தாண்டித் திரும்பி வந்தபோது எனக்கு அழுகை நின்றுபோயிற்று. மேலே இருப்பவர்களுக்கு வெட்டியவன் வெளியே இருக்க வேண்டும், காப்பாற்ற. கீழே இருப்பவர்களுக்கும் அவன் வெளியே இருக்க வேண்டும், வெட்ட. ஒருவரையொருவர் பார்த்தால் காறித் துப்புகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் பேசி வைத்ததுபோல் ஒத்துப்போனார்கள். நடுவில் என் புருஷன், தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்.

ஹட்டன் கோர்ட்டில் வழக்கைக் கூப்பிட்ட அன்று நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு போனேன். மேல்கணக்கு ஆட்கள் வெள்ளை வேட்டியோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரரைக் கூண்டில் ஏற்றியதும் நான் எழுந்து, "ஐயா, இவரு வெட்டல. என் பக்கத்துல நின்னாரு. வெட்டுனது கங்காணி மகன்" என்று கத்தினேன். கான்ஸ்டபிள் என் தோளைப் பிடித்தார். நீதவான் கையைக் காட்டி அவரை நிறுத்தச் சொல்லிவிட்டு, நான் என்ன சொன்னேன் என்று மொழிபெயர்ப்பவரைக் கேட்டார். கேட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்து, இதற்கு என்ன சொல்கிறாய் என்றார்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பாசமாகத்தான் சிரித்தார். "வயித்துப் புள்ளக்காரி சாமி. என்னையக் காப்பாத்தப் பொய் சொல்லுது" என்றார்.

கோர்ட்டில் இருந்தவர்களும் சிரித்தார்கள். யாரைத்தான் குறை சொல்வது? செய்தேன் என்று ஒருவன் தானாகச் சொல்கிறான். பொண்டாட்டி இல்லை என்கிறாள். நீதவான் இடத்தில் நான் இருந்தாலும் அவரைத்தான் நம்பியிருப்பேன். பிறகு வழக்கு கண்டிப் பெரிய கோர்ட்டுக்குப் போயிற்று. ஆறு வருஷம் போட்டார்கள்.

அந்த வருஷங்களில் நான் மகளைப் பெற்றேன், கொழுந்து பறித்தேன், வாயை மூடிக்கொண்டு இருந்தேன். கோர்ட்டில் கத்தியதற்காக மேல்கணக்கு என்னோடு பேசவில்லை. பீலியில் நான் குடத்தை வைத்தால் மற்ற பெண்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்வார்கள். ஆனால் என் புருஷன் பெயரை மட்டும் கோயிலில் மரியாதையாகச் சொல்வார்கள். திருவிழாவில் அவர் பெயரில் முதல் தேங்காய் உடைத்தார்கள். பையன்கள் அவரைப் பற்றிப் பாட்டுக் கட்டித் தப்படித்தார்கள். நாள் போகப் போக, பொய் என்று தெரிந்தவர்களுக்கே அது மறந்துவிட்டது. அவர் எப்படிக் கத்தியை ஓங்கினார் என்று என்னிடமே ஒருவன் கையை வீசிக் காட்டினான்.

அதற்கு நடுவில் பெரிய கங்காணி, கல்யாணம் முடித்த கையோடு மகனை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார். சின்னம்மாவின் மூத்த மகன் பாலத்தில் காத்து நின்றது வீணாயிற்று.

என் வீட்டுக்காரர் விடுதலையானபோது ஹட்டன் ஸ்டேஷனிலேயே மாலை போட்டார்கள். ரயிலிலிருந்து இறங்கியவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. உடம்பு தடித்திருந்தது, மீசை வைத்திருந்தார். கூட்டத்தில் மகளைத் தூக்கிக் காட்டினேன். அவர் அவளைத் தொடுவதற்கு முன்னால் சுற்றி யார் பார்க்கிறார்கள் என்று பார்த்தார். அப்போதே என் மனசு கசந்துவிட்டது.

அதன் பிறகு அவர் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகவில்லை. சாயங்காலமானால் பையன்கள் வந்து சூழ்ந்துகொள்வார்கள், சாராயம் வரும். செய்யாத வெட்டை எப்படிச் செய்தேன் என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். ஒருநாள் அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்த நேரம் உங்க கையில அர்ச்சனத் தட்டு இருந்துச்சு" என்றேன். எழுந்து வந்து அறைந்தார். என்னை அவர் அடித்தது அதுதான் முதல் தடவை. பையன்கள் முன்னால் அடித்தார். அடித்துவிட்டு அவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த மாதம், பாலத்தில் வாய்த்தகராறு செய்த கீழ்க்கணக்குக்காரன் ஒருவனின் கையை உண்மையாகவே வெட்டினார். விரல் இரண்டு போயிற்று. அதை யாரும் போலீசுக்குச் சொல்லவில்லை. செய்யாததற்கு ஆறு வருஷம் இருந்தவர், செய்ததற்கு ஒரு மணி நேரம்கூட உள்ளே இல்லை.

கீழ்க்கணக்கு சும்மா இருக்காது என்று தெரிந்து நான் சின்னம்மாவிடம் போனேன். அவள் கிழவியாகியிருந்தாள். காலில் விழாத குறையாகக் கேட்டேன். "சின்னம்மா, உங்க மகன வெட்டுனது அவரு இல்லன்னு உங்களுக்கே தெரியும். வெட்டுனவன் இந்தியாவுல இருக்கான். இவர விட்ருங்க."

"தெரியுண்டி" என்றாள் அவள். "ஆனா வெட்டுனதா அவன் பேருதானே இருக்கு? வெட்டுனவன் ஊரெல்லாம் மாலையோட திரியிறான், செத்தவன் அண்ணன் வேடிக்க பாக்குறான்னு எம்மவனப் பாத்து சிரிக்கிறாளுக. அவன் எப்பிடி வெளிய தல காட்டுவான்?"

"உண்மை உங்களுக்குத் தெரியுமே!"

"உண்மைய வச்சு நான் என்னடி செய்ய?"

வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். எங்காவது போய்விடலாம், நல்லதண்ணிப் பக்கம் போகலாம், ஹட்டனில் மூட்டை தூக்கினாலும் பிழைக்கலாம் என்றேன். "வரட்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கண்ணில் பயம் இருந்தது, எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்லிக்கொள்ள அவருக்கு வழியில்லாமல் செய்துவிட்டார்கள்.

அந்த வாரம் மகள் ஒரு பிள்ளையின் நெற்றியைக் கல்லால் உடைத்தாள். நான் மலையிலிருந்து இறங்கி ஓடினேன். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்த, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா சிரித்துக்கொண்டே, "என்ன சொல்றா தெரியுமா உம் மக? எங்கப்பா கழுத்தையே வெட்டுனவரு, தெரியுமான்னு கேக்குறா! புலிக்குப் பொறந்தது" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் மகளின் கன்னத்தைக் கிள்ளினார்கள். அடிபட்ட பிள்ளையின் தாய்கூடத் தன் பிள்ளையைத்தான் திட்டினாள். மகள் என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள்.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்கு வந்துவிட்டேன். கடைவீதியில் ஒரு முஸ்லிம் முதலாளி வீட்டில் மிளகாய் இடிக்கவும் வீடு கூட்டவும் வேலை கிடைத்தது. பின்கட்டில் ஓர் அறையும் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் ஒரே ஒரு முறை வந்தார். அறைக்கு உள்ளே வரவில்லை. "வா போகலாம்" என்றார். "நீங்க இங்க வாங்க" என்றேன். தெருவில் இரண்டு பையன்கள் அவருக்காகக் காத்து நின்றார்கள். அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

சில மாதம் கழித்து, பஜாரிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் பாதையில் அவரை வெட்டிப் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது உயிர் இருந்தது. கட்டில் பக்கத்தில் போலீஸ்காரர் ஒருவர் குனிந்து, யார் வெட்டினது என்று சிங்களத்திலும் தமிழிலும் கேட்டுக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க. உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சொல்லுங்களேன்" என்றேன்.

"சொன்னா நான் ஆம்பளையா?" என்றார். குரலே இல்லை. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். மத்தியானத்துக்குள் போய்விட்டார்.

நான் அந்தப் போலீஸ்காரரிடம் சின்னம்மாவின் மூத்த மகன் பெயரைச் சொன்னேன். என் சொந்தம், என் இரத்தம், ஆனாலும் சொன்னேன். கீழ்க்கணக்கிலிருந்து வேறொருவன் போய், நான்தான் வெட்டினேன் என்று பேர் கொடுத்துவிட்டான். என் சொல் மறுபடியும் எடுபடவில்லை. அந்த ஆளையும் எனக்குத் தெரியும். வாசல் பக்கம் நிற்கிறவன்தான் அவனும்.

மேல்கணக்கிலிருந்து லாரி பிடித்துக்கொண்டு வந்தார்கள், பிணத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகத் தப்போடும் மாலையோடும். நான் கொடுக்க மாட்டேன் என்றேன். பெரிய கங்காணியே வந்து நின்றார். "கணக்குக்காக வாழ்ந்தவம்மா, மரியாதையா எடுக்கணும்" என்றார். "உங்க மரியாதையிலதான் செத்தாரு. போங்க" என்றேன். முதலாளி வீட்டுக்காரர்கள் பெட்டி வாங்கிக் கொடுத்தார்கள். கடைவீதி மூட்டைக்காரர்கள் தூக்கினார்கள். தப்பு இல்லாமல், ஹட்டன் மயானத்தில் அடக்கம் செய்தோம். தோட்டத்து ஆட்கள் ரோட்டோரம் நின்று முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டாம் நாள், அவரைச் சுற்றி உட்கார்ந்து சாராயம் குடித்த பையன்களில் மூன்று பேர் என் அறை வாசலுக்கு வந்தார்கள். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. சட்டையை இடுப்பில் ஒருவன் அடிக்கடி இழுத்து விட்டுக்கொண்டான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தது.

"அண்ணி, ஆஸ்பத்திரியில அண்ணன் உங்ககிட்ட எதும் சொன்னாரா? வெட்டுனது உண்மையா யாருன்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்."

"யாருன்னு எனக்குத் தெரியும்" என்றேன். மூவரும் ஓரடி முன்னால் வந்தார்கள். "போலீசுல சொல்லிட்டேன். இன்னும் எத்தன தடவ கேட்டாலும் அவங்களுக்குச் சொல்லுவேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்."

அவர்களுக்கு அது விளங்கவே இல்லை. நான் ஏதோ கேட்கக் கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டதுபோல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் பெரியவன், "அண்ணன் மானத்தப் பத்தி உங்களுக்குக் கவலயே இல்லையா?" என்று கேட்டான்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். உள்ளே என் மகள் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, யார் வந்தது என்று கேட்டாள்.